ஒரு கைப்பிடி உளுந்தை வைத்து ஓப்பன்சிவி கற்கலாம்

கணினிப் பார்வை, அதாவது படத்தில் என்ன இருக்கிறது என்று கணினியைப் பார்க்க வைக்கும் கலையைக் கற்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் தொடுவது முகத்தை அடையாளம் காணும் நிரலைத்தான். இல்லாவிட்டால், சாலையில் போகிற வண்டிகளைச் சுற்றிக் கட்டம் போடுகிற மாடலை. எங்கிருந்தோ பத்து வரியை எடுத்து ஓட்டினால் ஓடிவிடும். ஆனால் ஏன் ஓடியது என்று தெரியாது, அடுத்த படத்தில் தப்பாக வந்தால் எங்கே கை வைப்பது என்றும் தெரியாது. அதனால் நான் யாருக்குச் சொல்லிக்கொடுத்தாலும் சமையலறையில்தான் தொடங்குவேன். ஒரு கைப்பிடி கறுப்பு உளுந்தை எடுத்து வெள்ளைத் தாளில் பரப்பி, போனில் படம் எடுத்து, எத்தனை மணி இருக்கிறது என்று கணினியை எண்ண வைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

சின்ன வேலையாகத் தெரியலாம், ஆனால் இதற்கு நிஜமான தேவை இருக்கிறது. விதை முளைப்புத் திறனைச் சோதிக்கிறவர்கள் வழக்கமாக நூறு நூறாக நான்கு தடவை, ஆக 400 விதைகளை எண்ணி வைக்கிறார்கள். ரகங்களை ஒப்பிடுகிறவர்கள் ஆயிரம் மணியின் எடையைப் பார்க்கிறார்கள். எண்ணும் கருவி இல்லாத இடங்களில் இதெல்லாம் கையால்தான் நடக்கிறது. கண் வலிக்கும் வேலை.

இந்த வேலைக்கு நாம் பயன்படுத்தப்போவது ஓப்பன்சிவி. கணினிப் பார்வைக்குத் தேவையான கட்டளைகளைத் தொகுத்து வைத்திருக்கும் இந்த நூலகம், 1999-ல் இன்டெல் நிறுவனத்தில் கேரி பிராட்ஸ்கி தொடங்கிவைத்த திட்டம். 2006-ல் 1.0 பதிப்பு வந்தது. அதற்கு ஓராண்டு முன்பு மொஹாவி பாலைவனத்தில் ஆளில்லாமல் 212 கிலோமீட்டர் ஓடிப் பந்தயத்தை வென்ற ஸ்டான்ஃபோர்டின் ஸ்டான்லி என்ற காரிலும் இது இருந்தது. 4.5 பதிப்பிலிருந்து அப்பாச்சி 2 உரிமம், அதாவது படிக்கலாம், மாற்றலாம், விற்கும் பொருளிலும் சேர்க்கலாம். இந்தத் துறைக்குள் ஒரு பைசா செலவில்லாமல் நுழைய முடிகிறது என்பதை நான் பெரிய விஷயமாகவே நினைக்கிறேன்.

சரி, நிறுவுவோம். கணினியில் பைத்தான் நிரல்மொழி இருந்தால், அதற்கான பொதிகளை நிறுவும் பிப் என்ற கருவி மூலம் ஓப்பன்சிவி-பைத்தான் என்ற பொதியை நிறுவுங்கள். கூடுதல் வசதிகளோடு கான்ட்ரிப் என்ற பெயர் சேர்ந்த இன்னொரு பொதியும் உண்டு. இரண்டையும் ஒரே இடத்தில் போடாதீர்கள், ஒன்றோடொன்று மோதும். நிரலுக்குள் அழைக்கும்போது பெயர் சிவி2 என்று மாறிவிடும், பதிப்பு 4 ஆனாலும் அந்த 2 அப்படியேதான் இருக்கிறது. மடிக்கணினி இல்லாதவர்கள் உலாவியிலேயே கூகுள் கோலாபில் செய்யலாம். ஒரே ஒரு வித்தியாசம், படத்தைத் தனிச் சாளரத்தில் காட்டும் வழக்கமான கட்டளை அங்கே வேலை செய்யாது, கோலாபுக்கென்று இருக்கிற மாற்றுக் கட்டளையைப் பயன்படுத்த வேண்டும்.

இனி படம் எடுப்பது. பாதி வெற்றி இங்கேதான் இருக்கிறது என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பளபளப்பில்லாத வெள்ளைத் தாள் வேண்டும். ஜன்னல் வெளிச்சம் போதும், ஃபிளாஷ் வேண்டாம், ஏனென்றால் உளுந்தின் தோலில் வெள்ளைப் புள்ளியாக ஒளி பட்டு அந்த இடம் தாளைப் போலவே ஆகிவிடும். போனைத் தாளுக்கு நேர் மேலே பிடியுங்கள். சாய்த்துப் பிடித்தால் அருகிலிருக்கும் மணி பெரிதாகவும் தொலைவில் இருப்பது சிறிதாகவும் விழும், பின்னால் பரப்பளவை வைத்துக் கணக்குப் போடும்போது அது உதைக்கும். உங்கள் கையின் நிழலும் தலையின் நிழலும் தாளில் விழக் கூடாது. என் முதல் படத்தில் ஒரு ஓரம் முழுக்க நிழல், அந்த நிழலில் இருந்த மணிகள் எல்லாம் ஒரே பெரிய கறுப்புத் திட்டாக எண்ணப்பட்டன. நிரலை ஒரு மணி நேரம் மாற்றிப் பார்த்தேன். கடைசியில் தாளை ஜன்னல் பக்கம் நகர்த்தியதும் சரியானது.

படத்தை உள்ளே எடுக்கும் கட்டளை இம்ரீட். கோப்பு கிடைக்காவிட்டால் இது பிழை எதுவும் சொல்லாமல் வெறுமனே நன், அதாவது ஒன்றுமில்லை, என்ற மதிப்பைத் திருப்பித் தரும், அடுத்த வரியில்தான் சம்பந்தமில்லாத ஒரு பிழை வெடிக்கும். நம்மவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று, விண்டோஸில் கோப்பின் பெயரோ கோப்புறையின் பெயரோ தமிழில் இருந்தால் இம்ரீட் பெரும்பாலும் தோற்றுவிடும். பெயரை ஆங்கில எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே வந்த படம் எண்களின் அட்டவணைதான். படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது பிக்சலுக்கும், மூன்று எண், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. 4000-க்கு 3000 அளவுள்ள போன் படம் என்றால் 3 கோடியே 60 லட்சம் எண்கள். அவ்வளவு தேவையில்லை, அகலத்தை 1200 பிக்சலுக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். வண்ண வரிசை வழக்கமான சிவப்பு, பச்சை, நீலம் இல்லை, ஓப்பன்சிவியில் நீலம்தான் முதலில் வரும். மனிதர்களின் தோல் நீலமாகத் தெரிகிற படம் வந்தால் காரணம் இதுதான்.

இப்போது சாம்பல் நிறப் படமாக மாற்றி, படத்தை மங்கலாக்கும் காஸியன் பிளரை 5-க்கு 5 பிக்சல் அளவில் லேசாகப் போடுங்கள், தாளின் சொரசொரப்பு மங்கிவிடும். அடுத்தது த்ரெஷோல்ட். ஒரு வெட்டு எண்ணை வைத்துக்கொண்டு அதற்கு மேல் வெள்ளை, கீழே கறுப்பு என்று பிரிப்பது. அந்த எண்ணை யார் சொல்வது? நொபுயுகி ஓட்சு என்ற ஜப்பானியர் 1979-ல் ஒரு முறை கொடுத்தார். படத்தின் பிரகாச மதிப்புகளை வரைபடமாகப் போட்டால் உளுந்துக்கு ஒரு குன்று, தாளுக்கு ஒரு குன்று என்று இரண்டு மேடு வரும். இரண்டு கூட்டமும் நன்றாகப் பிரிகிற இடத்தை அந்த முறை தானே கணக்கிட்டுத் தரும். ஓப்பன்சிவியில் த்ரெஷோல்ட் கட்டளையில் ஓட்சு என்ற விருப்பத்தைச் சேர்த்தால் போதும். நமக்கு மணி வெள்ளையாகவும் தாள் கறுப்பாகவும் வேண்டும், அதனால் தலைகீழ் வகையைத் தேர்ந்தெடுங்கள். இந்த வரைபடத்தை ஒரு முறை நீங்களே வரைந்து பாருங்கள். அந்த இரண்டு குன்றைப் பார்த்த பிறகுதான் எந்தப் படத்தில் இது எடுபடும், எதில் எடுபடாது என்பது கைக்குள் வரும்.

நிழலைத் தவிர்க்கவே முடியாத இடத்தில் அடாப்டிவ் த்ரெஷோல்ட் இருக்கிறது. அது படம் முழுக்க ஒரே எண்ணை வைக்காமல் அந்தந்த இடத்துக்கு ஏற்ப வெட்டும். ஒவ்வொரு பிக்சலையும் சுற்றி அது பார்க்கும் கட்டத்தின் அளவு ஒற்றைப்படை எண்ணாக இருக்க வேண்டும், ஒரு மணியைவிடப் பெரிதாகவும் இருக்க வேண்டும். சிறிதாக வைத்தால் மணியின் நடுவில் ஓட்டை விழுந்து வளையம் மாதிரி வரும்.

தூசிப் புள்ளிகளை, மார்ஃபாலஜி என்ற வடிவத் திருத்த முறைகளில் ஒன்றான ஓப்பனிங் துடைத்துவிடும். அப்புறம் எண்ணுவது. கனெக்டட் காம்பொனென்ட்ஸ் வித் ஸ்டாட்ஸ் என்ற ஃபங்ஷன், ஒட்டியிருக்கும் வெள்ளைப் பிக்சல்களை ஒரே திட்டாகச் சேர்த்து, எத்தனை திட்டு, ஒவ்வொன்றின் பரப்பளவு என்ன என்று கொடுக்கும். பின்புலத்தையும் ஒரு திட்டாக எண்ணியிருக்கும், அதனால் ஒன்றைக் கழியுங்கள்.

இங்கே ஒரு சிக்கல் வரும். இரண்டு மணி தொட்டுக்கொண்டிருந்தால் ஒன்றாக எண்ணப்படும். தொட்டுக்கொண்டிருப்பவற்றைப் பிரிக்க வாட்டர்ஷெட் போன்ற முறைகள் உண்டு, ஆனால் முதலில் எளிய வழியைப் பாருங்கள். எல்லாத் திட்டுகளின் பரப்பளவையும் வரிசைப்படுத்தி நடு மதிப்பை எடுங்கள், அதுதான் ஏறக்குறைய ஒரு மணியின் அளவு. ஒவ்வொரு திட்டையும் அதால் வகுத்து முழு எண்ணாக்கினால் இரட்டையும் மூன்றும் தானாகப் பிரியும். சராசரியை எடுக்காதீர்கள், நாலைந்து மணி சேர்ந்த ஒரு பெரிய திட்டு சராசரியை இழுத்துவிடும். பாதி அளவுக்கும் கீழே இருப்பது உடைந்த பருப்பா, குப்பையா என்று நீங்கள் பார்த்து முடிவு செய்ய வேண்டும். அதிகமாக ஒட்டிக்கிடந்தால் தாளை ஒரு குலுக்குக் குலுக்கி மறுபடி எடுங்கள்.

விடையை அப்படியே நம்பாதீர்கள். கையால் எண்ணிய ஐம்பது மணியை வைத்து, குலுக்கிக் குலுக்கி ஐந்து படம் எடுத்து ஐந்திலும் என்ன வருகிறது என்று பாருங்கள். ஒவ்வொரு திட்டையும் சுற்றிக் காண்டூர் என்ற எல்லைக் கோடு வரைந்து மூலப்படத்தின் மேல் பார்த்தால் தப்பு எங்கே என்று உடனே தெரியும். படத்தின் மேல் தமிழில் எழுத முயன்றால் கேள்விக்குறிகள்தான் வரும். படத்தில் எழுதும் புட்டெக்ஸ்ட் கட்டளைக்குத் தமிழ் தெரியாது. பில்லோ என்ற பைத்தான் பட நூலகத்தில் எழுதலாம், அதோடு ராக்ம் என்ற எழுத்தமைப்பு நூலகமும் இருந்தால்தான் கொம்பும் காலும் சரியான இடத்தில் விழும்.

இந்த அடிப்படை கைக்கு வந்ததும் எத்தனையோ வேலைகள் திறக்கும். இலைப் பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயத்தை வைத்துப் படம் எடுத்தால், அதன் விட்டம் 27 மில்லிமீட்டர் என்பதிலிருந்து பிக்சலை மில்லிமீட்டராக மாற்றி இலைப் பரப்பைக் கணக்கிடலாம். தக்காளி பழுத்ததா என்று பார்க்க நிறம், செறிவு, பிரகாசம் என்று பிரித்துச் சொல்லும் ஹெச்எஸ்வி வண்ண முறைக்கு மாற்ற வேண்டும். அதில் நிறக்கோணம் 0 முதல் 179 வரை, சிவப்பு இரண்டு முனையிலும் இருக்கும், ஆகவே இரண்டு எல்லைகளைத் தனித்தனியே எடுத்துச் சேர்க்க வேண்டும். பட்டி வாசலில் ஆடுகள் உள்ளே போவதை வீடியோவில் பிடிக்க மாக்2 என்ற பின்புலக் கழிப்பு முறை இருக்கிறது, நிழலைத் தனியாகச் சாம்பல் நிறத்தில் குறித்துக் கொடுத்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்த பயன்பாடு பழைய புத்தகம். பக்கத்தின் நான்கு மூலைகளைக் கொடுத்தால் சாய்ந்த படத்தை நேராக்கும் வசதி ஓப்பன்சிவியில் உண்டு. அடாப்டிவ் த்ரெஷோல்ட் பழுப்பேறிய தாளை வெளுக்கும். பிறகு, படத்திலிருக்கும் எழுத்தைப் படிக்கும் டெசராக்டிடம் கொடுங்கள். ஹெச்பி நிறுவனத்தில் உருவாகி 2005-ல் திறந்த மூலமாக வெளிவந்த எழுத்துணரி அது, தமிழுக்கான தரவுக் கோப்பும் இருக்கிறது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான புத்தகங்களில் பழைய லை, ணை, றா, னா வடிவங்கள் வருகிற இடங்களைக் கட்டாயம் கண்ணால் சரிபாருங்கள்.

முகங்களைப் பற்றி ஒரு வார்த்தை. படத்தில் முகம் இருக்கிறதா என்று கண்டுபிடிப்பதும் அது யார் முகம் என்று சொல்வதும் வேறு வேறு வேலைகள். முதலாவதற்கு வயோலாவும் ஜோன்ஸும் 2001-ல் வெளியிட்ட முறை ஓப்பன்சிவியோடேயே வருகிறது. ஆனால் 2018-ல் ஜாய் புவலாம்வினியும் டிம்னிட் கெப்ருவும், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று வணிக மென்பொருள்களைச் சோதித்தபோது, வெளிர் நிற ஆண்களிடம் பிழை அதிகபட்சம் 0.8 சதவீதம், கருநிறப் பெண்களிடம் 34.7 சதவீதம் வரை. நம் ஊர் முகங்களில் நீங்களே சோதிக்காமல், அந்த மனிதர்களின் சம்மதம் இல்லாமல், வருகைப் பதிவுக்கோ காவலுக்கோ இதைப் பொருத்தாதீர்கள்.

உளுந்தில் சொத்தை எது, முழு மணி எது என்று பிரிக்க வேண்டும் என்றால் த்ரெஷோல்ட் போதாது, அங்கேதான் யோலோ போன்ற, உதாரணப் படங்களைப் பார்த்துக் கற்கும் மாடல்கள் வேண்டும். உரிமத்தைப் படித்துவிட்டு எடுங்கள், அல்ட்ராலிட்டிக்ஸ் நிறுவனம் தரும் யோலோ, உங்கள் நிரலையும் திறந்து தரச் சொல்லும் ஏஜிபிஎல் உரிமத்தில் வருகிறது, மூடிய வணிகப் பொருளில் சேர்க்க அவர்களிடம் தனி உரிமம் வாங்க வேண்டும். படங்களில் பெயர் குறிக்க சிவிஏடி என்ற திறந்த மூலக் கருவி இருக்கிறது. நீங்கள் ஏற்கெனவே எழுதிய எண்ணும் நிரலே ஒவ்வொரு மணியையும் தனித்தனிப் படமாக வெட்டிக் கொடுத்துவிடும், சொத்தை ஒரு கோப்புறை, நல்லது ஒரு கோப்புறை என்று பிரித்துப் போட ஆரம்பிக்கலாம்.