ஓ.ஆர். துறையில் பல்கலைக்கழக ஆய்வை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வருகிறது, தேசியத் தரவரிசைக்கான என்.ஐ.ஆர்.எஃப். படிவம் போக வேண்டும் என்றதும் திருச்சியிலிருந்து சிதம்பரம் வரை ஒவ்வொரு துறையிலும் யாராவது ஒரு உதவிப் பேராசிரியர் தலையில் எக்செல் ஷீட் விழுகிறது: எத்தனை கட்டுரை, எத்தனை மேற்கோள், ஹெச்-இண்டெக்ஸ் எவ்வளவு (அது 5 என்றால், குறைந்தது 5 மேற்கோள் பெற்ற கட்டுரைகள் 5 உண்டு என்று பொருள்). ஆபரேஷன்ஸ் ரிசர்ச் (ஓ.ஆர்.), அதாவது கணக்குப் போட்டுச் சிறந்த முடிவைத் தேடும் துறையின் ஆட்களே இதில் தடுமாறுவதுதான் வேடிக்கை. வகுப்பில் குறிக்கோள் சார்பை, அதாவது எதைக் கூட்ட அல்லது குறைக்கப் போகிறோம் என்பதை, எழுதாமல் ஒரு கணக்கையும் தொட விடமாட்டார்கள். தங்களையே அளக்கும்போது மட்டும் எதற்காக அளக்கிறோம் என்று கேட்காமல் எண்ண ஆரம்பித்துவிடுவார்கள். ஆளெடுக்கவா, நிதி கேட்கவா, ஆய்வு மாணவருக்கு வழிகாட்டவா? மூன்றுக்கும் ஒரே எண் உதவாது.

நாலைந்து இதழ்களை மட்டும் வைத்துக்கொண்டு அவற்றில் வந்ததுதான் ஓ.ஆர். என்று வரையறுக்காதீர்கள். ஜோடி சேர்க்கும் கணக்குக்கு வழி சொன்ன கேல், ஷேப்லி இருவரின் 1962 கட்டுரை வந்தது ஒரு கணித இதழில். நேரியல் திட்டமிடலுக்குப் புது வழி காட்டிய கர்மார்க்கரின் 1984 கட்டுரை வந்தது 'காம்பினடோரிகா'வில். உங்கள் பட்டியல் இரண்டையும் விட்டுவிடும். அதற்காகத் தலைப்பில் 'ஆப்டிமைசேஷன்' என்று இருப்பதையெல்லாம் அள்ளிப்போட்டால் அது வேறு கூத்து.

அடுத்தது பெயர். இதில்தான் நம் ஊர்க்காரர்கள் நிறைய இழக்கிறார்கள். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, அப்பா பெயரின் முதலெழுத்துதான். ஆனால் தரவுத்தளம் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும். அதனால் எஸ். செந்தில் குமார் ஓரிடத்தில் 'குமார், எஸ்.எஸ்.' ஆவார், பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்தபின் வெளியிட்ட கட்டுரையில் 'சுப்பிரமணியன், செந்தில் குமார்' ஆவார், ஒருவருக்கு இரண்டு புரொஃபைல் உருவாகிவிடும். ஒன்றில் ஹெச்-இண்டெக்ஸ் 5, மற்றதில் 4 என்றால் கூட்டி 9 என்று போட்டுவிடாதீர்கள். கட்டுரைகளை ஒன்றாகச் சேர்த்து மறுபடி எண்ணினால் அது 5-ஆகவே இருக்கலாம். தலைகீழாகவும் நடக்கும், நாலு ஆர். குமார்களின் கட்டுரைகள் ஒரே ஆளின் கணக்கில் ஏறி உட்கார்ந்திருக்கும். ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனி அடையாளமாக இருக்கும் ஆர்கிட் எண் வாங்கச் சொல்லுங்கள், பழைய கட்டுரைகளைக் கையால் சரிபாருங்கள், வேறு வழியில்லை. நிறுவனப் பெயரிலும் இதே தலைவலிதான்: திருச்சி என்.ஐ.டி. 2003 வரை மண்டலப் பொறியியல் கல்லூரி, ஊர்ப் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறு ஆளுக்கு ஒரு விதம்.

கூட்டுக் கட்டுரையை எப்படி எண்ணுவது என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். தஞ்சை, திருச்சி, சிதம்பரம் என்று மூன்று இடத்து ஆட்கள் சேர்ந்து எழுதிய ஒரு கட்டுரையை மூவரும் முழுசாகக் கணக்கில் எழுதினால் டெல்டாவில் மூன்று கட்டுரை பிறந்துவிடும். முழு எண்ணிக்கை, பங்கிட்ட எண்ணிக்கை (இங்கே ஆளுக்கு மூன்றில் ஒன்று) இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுவது நல்லது.

இம்பாக்ட் ஃபேக்டர் பார்ப்பது முந்தைய இரண்டு ஆண்டுகளில் இதழ் வெளியிட்ட கட்டுரைகளுக்கு இந்த ஆண்டு கிடைத்த மேற்கோளை. அது இதழுக்கான எண், கட்டுரைக்கான எண் இல்லை. ஓ.ஆர். இதழ்களில் மதிப்பீட்டுக்கே ஒரு வருஷம், சில சமயம் அதற்கு மேலும் போகிற நிலையில் அந்த இரண்டு ஆண்டு ஜன்னல் ரொம்பக் குறுகியது. மேற்கோளும் முழு செல்வாக்கைக் காட்டாது: நேரியல் திட்டமிடல் கணக்குகளைத் தீர்க்க டான்சிக் 1947-இல் உருவாக்கிய சிம்ப்ளெக்ஸ் முறையை இன்று பயன்படுத்துகிறவர்களில் பெரும்பாலானவர்கள் அவரை மேற்கோள் காட்டுவதே இல்லை.

கொள்முதல் நிலையத்தில் நெல்லோடு டிராக்டர்கள் வரிசையில் நிற்கும் நேரத்தைக் குறைக்க ஒருவர் கணக்குப் போட்டுக் கொடுத்து, அது நடைமுறைக்கும் வந்தால், கட்டுரைத் தரவுத்தளமான ஸ்கோப்பஸில் அதற்குச் சுவடே இருக்காது. இந்தக் குறை துறைக்குத் தெரியாததல்ல. மைக்கேல் ராத்காஃப் 1990-களில் 'இன்டர்ஃபேசஸ்' இதழில் தொடங்கிய தரவரிசை, நடைமுறைப் பயன்பாடு பற்றிய கட்டுரைகளைத்தான் எண்ணியது. உங்கள் ஷீட்டிலும் அதற்குத் தனி நெடுவரிசை வையுங்கள்.

கடைசியாக, நம் கருவியையே நம்மேல் போடலாம் என்று டி.இ.ஏ.வை (டேட்டா என்வலப்மென்ட் அனாலிசிஸ், போட்டதற்கு எவ்வளவு கிடைத்தது என்று நிறுவனங்களை ஒப்பிடும் முறை) எடுப்பவர்களுக்கு. சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் 1978-இல் தந்த அருமையான முறை, ஆசிரியர் எண்ணிக்கை, நிதி போன்ற உள்ளீடுகளையும் சேர்த்துப் பார்க்கும். ஆனால் எட்டு கல்லூரிக்கு உள்ளீடு, வெளியீடு சேர்த்து ஆறு மாறிகள் வைத்தால் ஏறக்குறைய எல்லாருக்கும் முழு மதிப்பெண்ணான 1 வந்துவிடும், அறிக்கையில் போட அழகாக இருக்குமே தவிர ஒன்றும் தெரியாது. மாறிகளைப் போல மூன்று மடங்காவது கல்லூரிகள் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. டெல்டாவுக்குள் அத்தனை கிடைக்காவிட்டால் கோவை, மதுரைப் பக்கத்தையும் சேருங்கள், அல்லது மாறிகளை இரண்டாகக் குறையுங்கள்.