மென்பொருள் தர மாதிரிகளை ஒப்பிடுவது எப்படி? ஒரே ஒரு பக் (பிழை) போதும்

மென்பொருளின் தரத்தை எந்தெந்தப் பண்புகளாகப் பிரித்துப் பார்ப்பது என்று பட்டியலிடுபவைதான் தர மாதிரிகள். முதன்முதலில் அவற்றை ஒப்பிட்டபோது நான் டிக் போடும் அட்டவணை ஒன்று போட்டேன். எந்த மாதிரியில் பண்புகள் அதிகமோ அதற்கே டிக் குவிந்தது. அதற்கு அட்டவணை எதற்கு, எண்ணிப் பார்த்தாலே போதுமே! இப்போது நான் செய்வது வேறு.

படி 1: மூன்று மாதிரிகளை எடுங்கள். மெக்கால் (1977, 11 காரணிகள்), ஹியூலெட்-பேக்கர்டில் உருவான ஃபர்ப்ஸ் (5 தலைப்புகள்), சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 25010 (2011 பதிப்பில் 8 பண்புகள்). போயம், டிரோமி போன்ற மற்ற மாதிரிகள் எல்லாம் பிறகு.

படி 2: உங்கள் மென்பொருளிலிருந்து நிஜமான பக் ஒன்றை எடுங்கள். உதாரணத்துக்கு, பாஸ்வேர்டை மாற்றிய பிறகும் பழைய போனில் லாகின் அப்படியே இருக்கிறது. இது எந்தப் பெட்டிக்குள் போகும்? மெக்காலில் 'இன்டெக்ரிட்டி'. அங்கே அந்தச் சொல்லுக்கு அர்த்தம், அனுமதி இல்லாதவரை உள்ளே விடாமல் தடுப்பது. ஃபர்ப்ஸில் செக்யூரிட்டி என்பது 'ஃபங்ஷனாலிட்டி'க்குள் ஒரு மூலையில் கிடக்கும். ஐஎஸ்ஓவின் பழைய 9126 தரநிலையிலும் அதே கதைதான். 25010 வந்தபோதுதான் அது தனித் தலைப்பானது.

படி 3: டிக்குக்குப் பதில் இடத்தை எழுதுங்கள். 'தனித் தலைப்பு', 'உட்பிரிவு', 'இல்லை' என மூன்றே குறிப்புகள். டெஸ்டபிலிட்டியை (சோதித்துப் பார்ப்பது எவ்வளவு எளிது என்பதை) வைத்துப் பாருங்கள்: மெக்காலில் தனித் தலைப்பு, ஐஎஸ்ஓவில் பராமரிப்புக்குக் கீழே உட்பிரிவு. எந்த மாதிரி எதற்கு முக்கியத்துவம் தருகிறது என்பது இங்கேதான் பிடிபடும்.

படி 4: எப்படி அளப்பது என்று கேளுங்கள். 'நம்பகத்தன்மை' என்று எழுதிவிட்டால் அளந்ததாகாது. சராசரியாக எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை சர்வர் விழுகிறது என்பது அளவு. ஐஎஸ்ஓ பக்கம் இதற்கென்றே 25023 என்ற தனித் தரநிலை உண்டு.

படி 5: தேர்ந்தெடுங்கள். நாலைந்து பேர் கொண்ட குழுவுக்கு ஃபர்ப்ஸே தாராளம் என்பேன். வாடிக்கையாளரோடு ஒப்பந்தம் போட்டு வேலை செய்கிறீர்கள் என்றால் ஐஎஸ்ஓ. இரண்டு தரப்பும் ஒரே ஆவணத்தைக் காட்டிப் பேசலாம்.

அட்டவணையில் பதிப்பு ஆண்டைக் கட்டாயம் குறியுங்கள். ஐஎஸ்ஓ 25010-இன் 2023 பதிப்பில் 'சேஃப்டி' சேர்ந்து பண்புகள் 9 ஆகிவிட்டன; 'போர்ட்டபிலிட்டி'யின் (மென்பொருளை வேறு சூழலுக்கு மாற்றும் வசதியின்) பெயரும் 'ஃப்ளெக்ஸிபிலிட்டி' என மாறிவிட்டது. மெக்காலிலும் ஒரு 'ஃப்ளெக்ஸிபிலிட்டி' உண்டு, ஆனால் அது ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமை மாற்ற எவ்வளவு உழைப்பு ஆகும் என்பதைச் சொல்வது. இரண்டையும் ஒரே வரிசையில் போட்டுவிடாதீர்கள்.