அசையும் வால்பேப்பர் எவ்வளவு சார்ஜ் எடுக்கிறது? நீங்களே அளந்து பாருங்கள்

"சார்ஜ் நிற்கவே மாட்டேங்குது" என்று யாராவது ஃபோனை நீட்டினால், நான் முதலில் பார்ப்பது முகப்புத் திரையைத்தான். பல நேரம் அங்கே மீன் நீந்திக்கொண்டிருக்கும், இல்லையென்றால் மழை கொட்டிக்கொண்டிருக்கும். அதற்காக உடனே பழியை அதன் மேல் போட்டுவிட முடியாது. அளந்து பார்த்த பிறகுதான் சொல்ல முடியும். அதற்குத் தனிக் கருவி எதுவும் தேவையில்லை.

சாதாரணப் படத்தை ஃபோன் ஒருமுறை வரைந்துவிட்டால் போதும். மீன் வாலை ஆட்ட வேண்டும் என்றால் கிராஃபிக்ஸ் சிப் விநாடிக்கு 30 முறையோ 60 முறையோ புதிதாக வரைய வேண்டும். 60 என்று வைத்துக்கொண்டால் அரை மணி நேரத்தில் 1,08,000 படங்கள்! திரையில் எதுவும் அசையாதபோது புதுப்பிப்பு வேகத்தை (திரை விநாடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்பதை) தானாகக் குறைத்துக்கொள்ளும் ஃபோன்களும் உண்டு. மீன் நீந்தினால் அந்த ஓய்வும் போய்விடும்.

ஆனால் இந்தச் செலவெல்லாம் வால்பேப்பர் கண்ணுக்குத் தெரியும்போது மட்டும்தான். வேறொரு செயலியைத் திறந்ததும், "நீ இப்போது தெரியவில்லை" என்று ஆண்ட்ராய்டு வால்பேப்பருக்குத் தகவல் கொடுக்கும். ஒழுங்காக எழுதப்பட்டது உடனே வரைவதை நிறுத்திவிடும். மோசமாக எழுதப்பட்டது பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும். உண்மையான ஆபத்து இதில்தான்.

சரி, சோதனைக்கு வருவோம்.

படி 1: ஃபோனை 80 சதவீதம் வரை சார்ஜ் செய்து, சூடு ஆறும் வரை வையுங்கள். 100-இலிருந்து தொடங்க வேண்டாம். பல ஃபோன்களில் அந்த எண் கொஞ்ச நேரம் அசையாமலே நிற்கும், கணக்கு தப்பிவிடும்.

படி 2: விமானப் பயன்முறையைப் போடுங்கள். தானியங்கி வெளிச்சத்தை அணைத்து, வெளிச்சத்தைப் பாதி அளவில் நிறுத்துங்கள். திரை அணையும் நேரத்தை உங்கள் ஃபோன் அனுமதிக்கும் அதிகபட்ச அளவுக்கு மாற்றுங்கள்.

படி 3: அசையும் வால்பேப்பரோடு முகப்புத் திரையை ஒரு மணி நேரம் அணையவிடாமல் வைத்திருங்கள்; அணையப் போனால் லேசாகத் தொட்டுவிடுங்கள். எத்தனை சதவீதம் குறைந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

படி 4: அதே வால்பேப்பரில் ஒரு காட்சியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதைச் சாதாரணப் படமாக வையுங்கள். மறுபடி 80-க்குக் கொண்டுவந்து, அதேபோல் இன்னொரு மணி நேரம் விடுங்கள். வேறு படம் வைத்தால் ஒப்பீடு கெட்டுவிடும். ஓஎல்இடி திரையில் (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் வகை) கருப்புப் பகுதிக்கு மின்சாரம் மிகக் குறைவு, வெள்ளைக்கு அதிகம். நிறம் மாறினால், அசைவின் செலவு எது, நிறத்தின் செலவு எது என்று பிரிக்க முடியாது.

இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசம்தான் அசைவின் விலை. இது முகப்புத் திரையை ஒரு மணி நேரம் இமைக்காமல் பார்த்தால் வரும் கணக்கு என்பதை மறக்காதீர்கள். ஒரு நாளில் நாம் அதைப் பார்ப்பது துண்டு துண்டாகச் சில நிமிடங்கள்தான்.

படி 5: அப்புறம், வழக்கம்போல ஒரு நாள் ஃபோனைப் பயன்படுத்திவிட்டு, அமைப்புகளில் பேட்டரி பயன்பாட்டுப் பட்டியலைத் திறங்கள். வால்பேப்பர் செயலியின் பெயர் மேலே இருக்கிறதா? பின்னணி நேரம் மணிக்கணக்கில் காட்டுகிறதா? அப்படியென்றால் யோசிக்கவே வேண்டாம், செயலியையே நீக்கிவிடுங்கள். படத்தை மட்டும் மாற்றினால் செயலி உள்ளேயே கிடக்கும்.

வித்தியாசம் சின்னதுதான், மீனை விட மனமில்லை என்றால் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கும் அது பிடிக்கும். செயலியின் அமைப்பில் விநாடிக்கு எத்தனை படம் என்ற தேர்வு இருந்தால் 30 ஆக்குங்கள். ஃபோனைச் சாய்த்தால் படம் நகரும் வசதியை அணைத்துவிடுங்கள், அதற்காகச் சென்சாரும் வேலை செய்துகொண்டிருக்கும். வானிலை காட்டும் வால்பேப்பராக இருந்தால் இருப்பிட அனுமதியையும் பாருங்கள். அசைவைப் பூட்டுத் திரைக்கு மட்டும் வைக்க உங்கள் ஃபோன் விட்டால் இன்னும் நல்லது: ஃபோனை எடுக்கும்போதெல்லாம் மீன் ஒருமுறை வாலை ஆட்டிவிட்டுப் போகும்.