ராத்திரிப் பால்: கைக்குழந்தை வீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிறந்து சில வாரமே ஆன குழந்தை ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை பால் குடிக்கும். அதில் மூன்று நான்கு தடவை ராத்திரியில் வரும். வயிறு சின்னது, தாய்ப்பால் சீக்கிரம் செரித்துவிடும், பகல் எது இரவு எது என்று அந்த உடம்புக்குப் பிடிபட இரண்டு மூன்று மாதம் ஆகும். ஆகவே இந்த வயதில் ராத்திரி எழுந்திருப்பதை நிறுத்த முடியாது, நிறுத்தப் பார்க்கவும் கூடாது. ஒன்றரை மணி நேரம் இழுக்கிற வேலையை அரை மணி, முக்கால் மணியில் முடிக்கலாம், அவ்வளவுதான். "எப்படியாவது தூங்கவைத்துவிட வேண்டும்" என்ற பதற்றத்தில்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன.

சாயங்கால அழுகையும் "பால் பத்தலை" என்ற முடிவும்

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். சாயங்காலம் 6 மணி வாக்கில் தொடங்கி 10 மணி வரைக்கும் பல குழந்தைகள் விட்டுவிட்டுக் குடித்துக்கொண்டே இருக்கும். பத்து நிமிஷம் குடிக்கும், கண் அசரும், கீழே போட்டால் சிணுங்கும், மறுபடி தேடும். அந்த நேரத்தில் அம்மாவின் மார்பும் காலையில் இருந்த மாதிரி கனத்திருக்காது. உடனே வீட்டில் யாராவது "பால் பத்தலைம்மா, பிள்ளைக்கு வயிறு நிறையலை" என்பார்கள். ராத்திரிக்கு மட்டும் ஒரு பாட்டில் பவுடர் பால் என்று ஆரம்பமாகும். அன்றைக்குக் குழந்தை கொஞ்சம் கூடுதலாகத் தூங்கிவிட்டால், சொன்னது சரிதான் என்று எல்லோருக்கும் தோன்றிவிடும்.

மார்பில் பால் தேங்கினால் சுரப்பு தானாகக் குறையும். காலியாகக் காலியாகத்தான் ஊறும். பாலைச் சுரக்கவைக்கிற புரோலாக்டின் ராத்திரி கொடுக்கும்போதுதான் அதிகமாக எழும்பும். அந்த ஒரு பாட்டில் பறித்துக்கொள்வது சரியாக அந்த நேரத்துப் பாலூட்டலைத்தான். இப்படியே போனால், இல்லாத குறை உண்மையிலேயே வந்துவிடும். மூன்றாவது வாரத்திலும் ஆறாவது வாரத்திலும் திடீரென்று பசி கூடுவதுபோல் இருக்கும். இரண்டு மூன்று நாள் கேட்கும்போதெல்லாம் கொடுத்தால் சுரப்பும் அதற்கேற்ப ஏறிவிடும்.

பால் போதுகிறதா என்பதை அழுகையை வைத்துத் தீர்மானிக்க வேண்டாம். ஐந்தாம் நாளுக்குப் பிறகு 24 மணி நேரத்தில் ஆறு தடவையாவது வெளிர் நிறத்தில் சிறுநீர் போகிறதா, பிறந்த எடை இரண்டு வாரத்துக்குள் திரும்பிவிட்டதா, அதற்குப் பிறகு நாளுக்குச் சுமார் 20 முதல் 30 கிராம் ஏறுகிறதா, குடிக்கும்போது விழுங்குகிற சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். டயப்பர் கட்டினால் எத்தனை தடவை நனைந்தது என்பது சரியாகத் தெரியாது. முதல் இரண்டு வாரம் பகலிலாவது துணி கட்டினால் கணக்கு பிசகாது. எடை ஏறவில்லை என்றால் மேல்பால் வேண்டுமா என்பதைக் குழந்தை மருத்துவர் சொல்லட்டும்.

எழுப்பாமல் விடுவது, அழும்வரை காத்திருப்பது

"தூங்குற குழந்தையை எழுப்பக் கூடாது" என்பது முதல் இரண்டு வாரத்துக்குப் பொருந்தாது. மஞ்சள் காமாலை இருக்கிற குழந்தையும் எடை குறைவாகப் பிறந்த குழந்தையும் பசித்தால்கூட அசந்து தூங்கும். பால் குறையக் குறைய மஞ்சள் ஏறும், மஞ்சள் ஏற ஏறத் தூக்கம் கூடும். கடைசியாகக் கொடுத்து மூன்று மணி நேரம் ஆகிவிட்டால் எழுப்புங்கள். சுற்றியிருக்கிற துணியை விலக்கி, லங்கோடு மாற்றி, உள்ளங்காலைத் தேய்த்து, நெஞ்சோடு நெஞ்சாக வைத்துக்கொண்டால் விழித்துவிடும். பிறந்த எடை திரும்பி, மருத்துவரும் சரி என்ற பிறகு ராத்திரியில் அதுவாக எழும்வரை விடலாம்.

அழுகை பசியின் கடைசி அடையாளம். அதற்கு முன்பே வாயைச் சப்புக்கொட்டும், தலையைத் திருப்பித் திருப்பித் தேடும், கையை வாய்க்குக் கொண்டுபோகும். அழ ஆரம்பித்த குழந்தையின் நாக்கு மேலே எழும்பி நிற்கும், மார்பைச் சரியாகக் கவ்வாது, காற்றை விழுங்கும். ராத்திரி ஒரு மணி நேரம் போராடுவதற்கு இதுவே பெரிய காரணம். அதனால்தான் குழந்தை கைக்கெட்டும் தூரத்தில் படுத்திருக்க வேண்டும். சப்புக்கொட்டும் சத்தத்திலேயே எடுத்துவிடலாம்.

அந்த அரை மணி நேரம்

டியூப் லைட்டைப் போட்டு, "என் செல்லம் எழுந்திடுச்சா" என்று கொஞ்ச ஆரம்பித்தால் குழந்தைக்கு விடிந்துவிடும். மங்கலான மஞ்சள் ஜீரோ வாட்ஸ் பல்பு போதும். லங்கோடு, மாற்றுத் துணி, தண்ணீர் சொம்பு, தோளில் போடும் துண்டு எல்லாம் படுக்கும் முன்பே பக்கத்தில் இருக்கட்டும்.

துணி மாற்றுவதைக் கடைசிக்கு வைப்பது தவறு. குடித்துத் தூங்கிய குழந்தையைத் துடைத்தால் முழித்துக்கொள்ளும். ஒரு பக்கம் குடித்து அசரும்போது மாற்றுங்கள், அதிலேயே லேசாக விழித்து அடுத்த பக்கத்தையும் குடிக்கும். வெறும் சிறுநீர் என்றால் ஒவ்வொரு தடவையும் டயப்பர் மாற்ற வேண்டியதில்லை. மலம் என்றால் உடனே மாற்ற வேண்டும்.

காம்பை மட்டும் கவ்வவிட்டால் வலிக்கும், புண்ணாகும், பாலும் வராது. வாய் நன்றாகத் திறந்த பிறகு, கரிய வட்டத்தின் கீழ்ப்பகுதி அதிகமாக உள்ளே போகும்படி அணைக்க வேண்டும். மோவாய் மார்பில் பதிந்து, கீழுதடு வெளியே மடிந்திருந்தால் சரியாகக் கவ்வியிருக்கிறது. படுத்துக் கொடுப்பதானால் அம்மாவும் குழந்தையும் வயிறோடு வயிறு ஒட்டி ஒருக்களித்திருக்க வேண்டும். குடித்து முடித்ததும் குழந்தையை மல்லாக்கத் திருப்பிவிடுங்கள். சோபாவிலோ நாற்காலியிலோ உட்கார்ந்து கொடுக்கும்போது கண் சொக்கினால் ஆபத்து அதிகம். குழந்தை இடுக்கில் நழுவி மூச்சு முட்டிப்போகும்.

ஏப்பத்துக்காக அரை மணி நேரம் முதுகில் தட்டவும் வேண்டாம். தோளில் சாய்த்து ஐந்து நிமிஷம் தடவிக்கொடுங்கள். வரவில்லை என்றால் படுக்க வைத்துவிடலாம். இந்த வேலையையும் துணி மாற்றுவதையும் அப்பா எடுத்துக்கொண்டால் அம்மாவுக்கு ஒவ்வொரு தடவையும் 15 நிமிஷத் தூக்கம் மிஞ்சும்.

பவுடர் பால் கொடுத்தே ஆக வேண்டுமென்றால்

தூக்கக் கலக்கத்தில் அளவு தவறுவது சகஜம். பல டப்பாக்களில் 30 மில்லி தண்ணீருக்கு ஒரு ஸ்கூப், ஆனால் உங்கள் டப்பாவில் போட்டிருப்பதே கணக்கு. முதலில் தண்ணீர், பிறகு பவுடர். ஸ்கூப்பை அமுக்கி நிரப்பாமல் சுத்தமான கத்தியால் மேலே வழித்துவிடுங்கள். "கெட்டியாக் கரைச்சா நல்லாத் தூங்கும்" என்று ஒரு ஸ்கூப் கூட்டினால் சிறுநீரகத்துக்குப் பாரம், மலச்சிக்கலும் வரும். தண்ணீராகக் கரைத்தால் எடை ஏறாது.

பவுடர் கிருமி நீக்கப்பட்டது அல்ல. அதனால் கொதித்து அரை மணிக்கு மேல் ஆறாத, 70 டிகிரிக்குக் குறையாத வெந்நீரில் கரைத்து, பாட்டிலின் வெளிப்பக்கத்தைக் குழாய்த் தண்ணீரில் காட்டி ஆறவைத்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுக்க வேண்டும். கரைத்து இரண்டு மணி நேரம் ஆனதையும், குழந்தை குடித்து மிச்சம் வைத்ததையும் கொட்டிவிடுங்கள். சங்கு, பாலாடை பாட்டிலைவிடக் கழுவ எளிது. ஆனால் குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, பாலை உதட்டோரம் விட வேண்டும். படுக்கவைத்து ஊற்றினால் புரையேறும்.

தூளி, கடுகுத் தலையணை, தேன்

அழுகிற குழந்தையை அமர்த்த, பக்கத்தில் ஆள் இருந்து கொஞ்ச நேரம் தூளி ஆட்டலாம். ராத்திரி முழுக்கத் தூளியில் போடுவது சரியில்லை. துணி குழிந்து முதுகு வளைகிறது, மோவாய் நெஞ்சில் முட்டி மூச்சுக்குழாய் மடங்குகிறது. கழுத்து நிற்காத குழந்தை தலையை நிமிர்த்திக்கொள்ளாது. சமதளமான, அழுத்தினால் குழியாத விரிப்பில் மல்லாக்கப் படுக்கவையுங்கள். தலை உருண்டையாக வரவேண்டும் என்று வைக்கிற கடுகுத் தலையணையும், கனத்த போர்வையும் வேண்டாம்.

மல்லாக்கப் போட்டால் கக்கினது மூச்சில் ஏறிவிடும் என்று பாட்டிமார் பயப்படுவார்கள். மல்லாந்த நிலையில் மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருப்பதால், கக்கின பால் மேலேறி மூச்சுக்குழாய்க்குள் போவது கடினம். குப்புறப் படுத்தால் இது தலைகீழ்.

தேனில் இருக்கக்கூடிய பொட்டுலிசக் கிருமியின் வித்துகளால் ஒரு வயதுக்குள் உயிருக்கே ஆபத்து வரலாம். காம்பில் தடவிக்கூடக் கொடுக்காதீர்கள். சர்க்கரைத் தண்ணீர், கிரைப் வாட்டர், வசம்பு, வெறும் தண்ணீர் எதுவும் ஆறு மாதம்வரை தேவையில்லை. கோடையிலும் தாய்ப்பாலே தாகத்துக்குப் போதும். மூன்று மாதத்தில் ராத்திரி ராகிக் கூழ் ஊட்டினால் புரையேறும் அபாயம்தான் கூடும்.

ராத்திரியைக் கெடுக்கிற பகல்

காலையில் எண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஊற்றினால் குழந்தை அடித்துப்போட்ட மாதிரி நாலைந்து மணி நேரம் தூங்குவதைப் பார்க்கிறோம். அன்றைக்கு விட்டுப்போன பாலையெல்லாம் அது ராத்திரி 1 மணிக்குமேல் கேட்கும். குளித்து மூன்று மணி நேரத்தில் எழுப்பிக் கொடுங்கள். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடாதீர்கள், நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். சாம்பிராணிப் புகையும் வேண்டாம். பகலில் ஜன்னலைத் திறந்து வெளிச்சம் வரவிடுங்கள், மிக்ஸி சத்தத்துக்குப் பயந்து வீட்டையே அடக்கிவைக்க வேண்டியதில்லை.

ஆறு எட்டு வாரம் ஆனதும் படுக்கும் நேரத்துக்கு ஒரு வரிசையைப் பழக்கலாம். வெதுவெதுப்பான துணியால் துடைப்பது, பருத்திச் சட்டை, விளக்கைக் குறைப்பது, பால், ஒரே தாலாட்டு, படுக்கை. கடிகாரத்தைவிட இந்த வரிசை மாறாமல் இருப்பதுதான் முக்கியம். வீட்டுக்குள் குல்லாவும் ஸ்வெட்டரும் வேண்டாம். குழந்தைக்குக் குளிர்கிறதா என்று கைகால்களைத் தொட்டுப் பார்க்காமல் பிடரியைத் தொட்டுப் பாருங்கள். அங்கே வியர்த்திருந்தால் ஒரு உடுப்பைக் குறைக்கலாம். பால் குடித்தபடியே தூங்கிவிட்டால் பழக்கம் கெட்டுவிடும் என்று இந்த வயதில் கவலைப்பட வேண்டாம்.

மூன்று மாதத்துக்குள் உடம்புச் சூடு 38 டிகிரி செல்சியஸைத் தொட்டாலோ, இரண்டு வேளை தொடர்ந்து பால் குடிக்க மறுத்தாலோ, எழுப்பியும் சரியாக விழிக்காவிட்டாலோ, மூச்சு விடும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, மஞ்சள் உள்ளங்கை, உள்ளங்காலுக்கு இறங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். வண்டி இல்லையென்றால் 108ஐக் கூப்பிடுங்கள்.