எரிஉலைக்குப் போகுமுன் குப்பையைப் பிரிப்பது எப்படி?

மூன்று கூடை வையுங்கள்: மக்கும் குப்பை, மக்காத குப்பை, அபாயக் குப்பை. பால் பாக்கெட்டின் மூலையை முழுசாக வெட்டி எடுக்காதீர்கள். அந்தத் துணுக்கு யார் கையிலும் சிக்காமல் சாக்கடைக்குத்தான் போகும். பாதி வெட்டி, பாக்கெட்டோடு ஒட்டியபடியே விட்டு, அலசிக் கவிழ்த்துக் காயவையுங்கள். சாம்பார் ஊறிய அட்டையைப் பழைய பேப்பர் கடையில் வாங்க மாட்டார்கள்.

எரிஉலைக்கும் ஈரம்தான் எதிரி. சோறும் காய்கறித் தோலும் கலந்தால், வெப்பத்தின் பெரும்பங்கு தண்ணீரை ஆவியாக்கவே செலவாகி, உலையின் சூடு இறங்கும். புகைவாயு 850 டிகிரி செல்சியஸில் குறைந்தது 2 விநாடி இருக்க வேண்டும். இல்லையேல் டையாக்சின் என்ற நச்சுப்பொருள் முழுதாகச் சிதையாது. சிதைந்த பிறகும், ஏறத்தாழ 200 முதல் 450 டிகிரிக்குள் மெதுவாக ஆறினால் மறுபடி உருவாகும். அதனால்தான் புகையைச் சட்டென்று குளிரவைத்து, சுண்ணாம்பும் கரித்தூளும் தூவி, துணிப்பை வடிகட்டி வழியாக அனுப்புகிறார்கள். தெருமுனையில் தீ வைக்கும்போது இந்தப் பாதுகாப்பு எதுவுமே கிடையாது. தயவுசெய்து செய்யாதீர்கள்.

பிவிசி குழாய்த் துண்டு எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு கிளம்பிக் கொதிகலன் குழாய்களை அரிக்கும். கண்ணாடியும் தகரமும் எரியாமல் அடிச்சாம்பலில் கிடக்கும். லித்தியம் பேட்டரி நசுங்கினால் குப்பை லாரியிலேயே பற்றிக்கொள்ளும். அதன் முனைகளில் டேப் ஒட்டித் தனியே கொடுங்கள்.