வீடியோ சீக் பாரை ஒரே தடவை எழுதி எல்லா இடத்துலயும் யூஸ் பண்றது எப்படி

ஒவ்வொரு ப்ராஜெக்ட்லயும் சீக் பாரை (வீடியோவ முன்ன பின்ன நகர்த்துற பட்டை) காப்பி பேஸ்ட் பண்ணிட்டு இருந்தா ஒரு பக் வந்தாலும் பத்து இடத்துல திருத்தணும், அதனால கஸ்டம் எலிமென்ட்டா (நாமளே உருவாக்குற HTML டேக்) எழுதிடுங்க. பேர்ல ஒரு ஹைஃபன் கட்டாயம், இல்லன்னா ப்ரவுசர் ஏத்துக்காது.

உள்ள டிவ் வெச்சு ஸ்லைடர் வரையாதீங்க ப்ளீஸ், ரேஞ்ச் டைப் இன்புட்டே போடுங்க, ஆரோ கீல நகர்த்துறது எல்லாம் தானாவே கிடைச்சிடும். ஆனா வீடியோ 83வது செகண்ட்ல இருந்தா ஸ்க்ரீன் ரீடர் (பார்வையில்லாதவங்களுக்கு ஸ்க்ரீனை வாசிச்சு சொல்ற சாஃப்ட்வேர்) வெறும் 83னு படிக்கும், கேக்குறவங்களுக்கு என்ன புரியும்? aria-valuetext அட்ரிப்யூட்ல "1 நிமிஷம் 23 செகண்ட்"னு குடுங்க, இத நிறைய பேர் விட்டுடுறாங்க.

அடுத்து முக்கியமான இடம், யூசர் இழுத்துட்டு இருக்கும்போதே வீடியோவோட டைம்அப்டேட் ஈவென்ட் (ஓடுற நேரம் மாறுறப்போ வர்றது) வந்து பாரை பழைய இடத்துக்கே தள்ளிடும், அதனால இழுக்க ஆரம்பிச்சதும் ஒரு ஃப்ளாக் (ட்ரூ/ஃபால்ஸ் வேரியபிள்) வெச்சு, விடுற வரைக்கும் அந்த அப்டேட்டை எடுத்துக்காதீங்க.

கலர், உயரம் மாத்தணும்னா சிஎஸ்எஸ் வேரியபிள் தான் பெஸ்ட். வெளிய எழுதின சாதா ஸ்டைல் ஷேடோ டாமுக்குள்ள (எலிமென்ட்டோட தனி உள்பகுதி) போகாது, வேரியபிள் போகும், டீஃபால்ட் வேல்யூவும் சேத்து குடுத்துடுங்க. இன்னும் ஆழமா மாத்த விடணும்னா பார்ட் அட்ரிப்யூட் இருக்கு, உள்ள இருக்கிற ஒரு பகுதிக்கு பேர் வெச்சு வெளிய இருந்து ஸ்டைல் பண்ண விடும்.

சொந்த ஈவென்ட் அனுப்புறப்போ பபுள்ஸ் (மேல இருக்கிற எலிமென்ட்டுகளுக்கு போக), கம்போஸ்டு (ஷேடோ டாமை தாண்ட) ரெண்டையும் ட்ரூ பண்ணுங்க, அப்போதான் வெளிய பேஜ் வரைக்கும் வரும். பேஜ்ல இருந்து எலிமென்ட்டை எடுத்ததும் வீடியோல மாட்டுன லிசனர்களையும் (ஈவென்ட் வந்தா ஓடுற ஃபங்ஷன்கள்) கழட்டிடுங்க.