மாடல் பந்தயப் படகு: ஃப்ளைவீலும் காலெட்டும் சீக்கிரம் தேய வைக்கும் தவறுகள்

ரிமோட்டில் ஓட்டும் மாடல் படகுகளின் 3.5, 7.5, 15 சிசி பந்தய எஞ்சின்கள் நிமிடத்துக்கு 20,000 சுற்றைத் தாண்டுவது சர்வ சாதாரணம். நொடிக்கு 333 சுற்று. டூ ஸ்ட்ரோக் என்பதால் சுற்றுக்கு ஒரு வெடிப்பு, ஒவ்வொரு வெடிப்புக்கும் ஷாஃப்ட்டில் (சுழலும் தண்டில்) ஒரு உதறல். ஐரோப்பாவில் நாவிகா (மாடல் கப்பல் விளையாட்டுக்கான உலக அமைப்பு) விதிப்படி நடக்கும் எஃப்எஸ்ஆர்-வி என்ற நீண்ட நேரப் பந்தயத்தின் இறுதிப் போட்டி அரை மணி நேரம் ஓடுகிறது. அந்த ஒரு ஓட்டத்திலேயே எஞ்சின் 6 லட்சம் முறை சுற்றிவிடும். இவ்வளவையும் தாங்கி, ஷாஃப்ட்டில் மாட்டிய கனத்த சக்கரமான ஃப்ளைவீலைப் பிடித்து வைத்திருப்பது சுண்டுவிரல் நுனி அளவுள்ள, பிளவு விட்ட ஒரு கூம்பு. அதைத்தான் காலெட் என்கிறோம்.

பெரும்பாலான எஞ்சின்களில் ஃப்ளைவீலையும் ஷாஃப்ட்டையும் பூட்டி வைக்க இங்கே சாவிக்கட்டை கிடையாது, பல்லும் கிடையாது. காலெட்டின் பருத்த பக்கம் பேரிங்கை ஒட்டி நிற்கும். ஃப்ளைவீலின் உள்துளையும் அதே சரிவில் கடையப்பட்டிருக்கும். நட்டை முறுக்கினால் ஃப்ளைவீல் கூம்பின் மேல் ஏறும், கூம்பின் பிளவு இறுகும், அது எஞ்சினின் முக்கியத் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டைக் கவ்வும். மண்வெட்டிக் காம்புக்கு அடிக்கிற ஆப்பின் வேலைதான். எல்லாமே உராய்வில் நிற்கிறது. அதனால் இங்கே தேய்மானம் தானாக வருவதில்லை. முதலில் கண்ணுக்குத் தெரியாத வழுக்கல் வரும், அதற்குப் பின்னால்தான் தேய்மானம் வரும்.

பலரும் கோட்டை விடுவது, நட் எதை அழுத்துகிறது என்று பார்க்காமல் முறுக்குவதில். நட் ஃப்ளைவீலைத்தான் அழுத்த வேண்டும். பழகிய செட்டில் டேப்பர் (கூம்பின் சரிவு) கொஞ்சம் தேய்ந்ததும் ஃப்ளைவீல் வழக்கத்தைவிட உள்ளே போய் உட்காரும். காலெட்டின் மெல்லிய நுனி ஃப்ளைவீலின் முகத்துக்கு வெளியே எட்டிப் பார்க்கும். அப்போது நட் அந்த நுனியில் போய் முட்டி நின்றுவிடும். ஸ்பேனருக்குக் கல் மாதிரி இறுகிய உணர்வு வரும், ஆனால் ஃப்ளைவீல் மேல் அழுத்தமே இருக்காது. நட்டைப் போடுவதற்கு முன் ஃப்ளைவீலைக் கையால் அழுத்தி உட்கார வைத்து, ஒரு ஸ்கேலை அதன் முகத்தில் குறுக்கே வைத்துப் பாருங்கள். காலெட்டின் நுனி அரை மில்லிமீட்டராவது உள்ளே இருக்க வேண்டும். நுனி மட்டும்தான் பிரச்சினை என்றால் லேத்தில் கொஞ்சம் குறைத்துப் பிசிறு எடுத்துவிடலாம். பிளவு முழுக்க மூடி இரண்டு ஓரமும் ஒட்டிக்கொண்டிருந்தால் அந்தக் காலெட் இனி எதையும் கவ்வாது, தூக்கிப் போட வேண்டியதுதான். ஃப்ளைவீலின் பின்பக்கம் கிராங்க் கேஸின் (கிராங்கை மூடியிருக்கும் எஞ்சின் உடலின்) மூக்கில் உரசுகிறதா என்பதையும் அதே கையோடு பார்த்துவிடுங்கள்.

அடுத்தது எண்ணெய். இந்த எரிபொருளிலேயே லூப்ரிகன்ட் கலந்திருப்பதால் படகுக்குள் எதைத் தொட்டாலும் பிசுபிசுப்பு. அந்தக் கையோடு மாட்டினால் உராய்வை நம்பியிருக்கிற இடத்தில் நாமே வழுக்க வைக்கிறோம். ஷாஃப்ட், காலெட்டின் உள்ளும் புறமும், ஃப்ளைவீல் துளை மூன்றையும் தின்னர் நனைத்த துணியால் துடைத்து, காய்ந்த பிறகே மாட்ட வேண்டும். தின்னரை ஊற்றாதீர்கள், பேரிங்குக்குள் இருக்கிற எண்ணெயையும் கழுவிவிடும். நட்டின் மரையில் ஒரு துளி எண்ணெய் இருக்கலாம், டேப்பரில் கூடாது.

முறுக்கும்போது ஃப்ளைவீலும் சேர்ந்து சுற்றுமே என்று எக்ஸாஸ்ட் துளை வழியாக ஸ்க்ரூடிரைவரை விட்டு பிஸ்டனைத் தடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பிஸ்டன் விளிம்பு நசுங்கும், கனெக்டிங் ராட் வளையும். ஃப்ளைவீலில் துளை இருந்தால் அதற்கான கம்பியையோ ஸ்பேனரையோ போட்டுப் பிடியுங்கள். துளை இல்லாவிட்டால் பழைய பெல்ட் துண்டைக் காடியில் சுற்றிப் பிடிக்கலாம்.

கழற்றும்போதும் அதே நிதானம் வேண்டும். கிராங்க் நுனியில் சுத்தியலால் ஓங்கி அடித்தால் அந்த அடி நேராகப் பேரிங் குண்டுகளில் இறங்கி, அவை ஓடும் பாதையில் குழி விழும். ஸ்க்ரூடிரைவரைப் பின்னால் கொடுத்து நெம்பினால் அலுமினிய மூக்கு காயப்படும். ஃப்ளைவீலை நேராக இழுத்துக் கழற்றும் கருவியான ஒரு சின்ன புல்லர் வாங்கி வைத்துக்கொள்வதே உத்தமம்.

காலெட்டை ஒரே நொடியில் கெடுக்கிற தவறு ஸ்டார்ட் செய்யும்போது நடக்கிறது. எஞ்சின் ஓடும்போது கிராங்க் ஃப்ளைவீலைச் சுற்றுகிறது; பெல்ட் ஸ்டார்ட்டர் (ஃப்ளைவீலில் பெல்ட் மாட்டிச் சுற்றும் மோட்டார்) போடும்போது ஃப்ளைவீல்தான் கிராங்கைச் சுற்ற வேண்டும். எரிபொருள் அதிகம் இறங்கி சிலிண்டர் நிறைந்திருந்தால் பிஸ்டன் மேலே ஏற முடியாது, திரவத்தை அமுக்க முடியாது. ஸ்டார்ட்டர் மோட்டார் விடாமல் இழுக்க, ஃப்ளைவீல் மட்டும் காலெட் மேல் வழுக்கிச் சுற்றும். உலோகம் கிழிந்து வட்டக் கோடுகள் விழுந்துவிடும். பெல்ட் திணறினால் உடனே நிறுத்துங்கள். பிளக்கைக் கழற்றி, படகைச் சாய்த்து, கையால் சுற்றி எரிபொருளை வெளியேற்றிய பிறகு மறுபடி முயலுங்கள்.

நழுவல் தொடங்கிவிட்டதா என்பதைக் கழற்றியதும் நிறமே சொல்லும். எஃகுப் பரப்பில் செம்பழுப்புப் பொடி, அலுமினியத்தில் கரும்சாம்பல் பொடி படிந்திருந்தால் இரண்டு பரப்பும் நுண்ணிய அளவில் உரசிக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம். டேப்பர் முழுக்கப் படிகிறதா என்று பார்க்க, காலெட்டில் மார்க்கரால் நீளவாக்கில் கோடுகள் போட்டு ஃப்ளைவீலைப் பொருத்தி லேசாகத் திருப்பி எடுங்கள். எல்லாக் கோடுகளும் மேலிருந்து கீழ்வரை அழிந்தால் நல்லது. ஒரு ஓரத்தில் மட்டும் அழிந்தால் வால்வு கிரைண்டிங் பேஸ்ட் கொண்டு இரண்டையும் மென்மையாகத் தேய்த்துப் பொருத்தலாம். எஞ்சினில் மாட்டி வைத்து இதைச் செய்யவே கூடாது, பேஸ்ட்டில் ஒரு துணுக்கு உள்ளே போனாலும் பேரிங் முடிந்தது. உப்புத்தாளைச் சுருட்டித் துளைக்குள் தேய்ப்பதும் வேண்டாம், சரிவின் கோணமே மாறிவிடும்.

எஞ்சின் சுழற்சியை ப்ரொப்பெல்லருக்குக் கொண்டுபோகும் வளையக்கூடிய தண்டு ஃப்ளெக்ஸ் கேபிள். அதைக் கவ்வுகிற இன்னொரு காலெட்டுக்கு வேறு கவலை. படகு துள்ளும்போது ப்ரொப்பெல்லர் தண்ணீரை விட்டு வெளியே வரும், எஞ்சின் எகிறும், மறுபடி தண்ணீரில் இறங்கும்போது மொத்த அதிர்ச்சியும் கேபிள் வழியாக இங்கே வந்து சேரும். சுமை ஏறினால் கேபிள் முறுகிக் குட்டையாகும். அதற்காகத்தான் ஸ்ட்ரட்டுக்கும் (படகின் பின்னால் ப்ரொப்பெல்லர் தண்டைத் தாங்கும் பகுதி) டிரைவ் டாகுக்கும் (ப்ரொப்பெல்லரைப் பிடித்துச் சுற்றும் துண்டு) நடுவில் 3 முதல் 6 மில்லிமீட்டர் இடைவெளி விடுகிறார்கள். இடைவெளி இல்லாவிட்டால் டிரைவ் டாக் ஸ்ட்ரட்டில் முட்டும், கேபிள் காலெட்டிலிருந்து பிடுங்கிக்கொள்ளப் பார்க்கும். கேபிளையும் காலெட்டையும் சேர்த்து ஒரு மார்க்கர் கோடு போட்டுவிட்டு, ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் பாருங்கள். கோடு விலகியிருந்தால் அன்றைக்கே கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். கேபிளுக்குக் கிரீஸ் தேவைதான், ஆனால் காலெட் பிடிக்கும் நுனி துடைத்துக் காய்ந்திருக்க வேண்டும். நட்டைத் தளர்த்தினால் கேபிள் சிரமமின்றி வழுக்கி வெளியே வரவும் வேண்டும். பக்கவாட்டில் இழுத்துப் பிடித்தால் எஞ்சின் நேராக உட்காரவில்லை. மவுண்ட்டைச் சரிசெய்யாமல் புதுக் காலெட் போட்டால் அதுவும் அதே இடத்தில் தேயும்.

தேய்ந்த காலெட்டை “இந்த சீசன் ஓடட்டும்” என்று விட்டால் கோடு அடுத்து கிராங்க் ஷாஃப்ட்டில் விழும். விலையில் கிராங்க் எங்கே, காலெட் எங்கே! அது மட்டுமில்லை, 40 மில்லிமீட்டர் ஃப்ளைவீலின் விளிம்பு 20,000 சுற்றில் மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. கரையில் ஸ்டார்ட் செய்யும்போது அதன் பக்கத்தில் குனிந்திருப்பது நம் முகம். ஆட்டம் காட்டும் ஃப்ளைவீலோடு எஞ்சினை முறுக்கிப் பார்க்க வேண்டாம்.